சர்க்கரை நோயும் இதயமும்: உடற்பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் முடிந்தவர்கள் மறுபடி நடமாடப் பழகும் இடம் அது. பெரும்பாலான ஃபைல்களின் முதல் பக்கத்திலேயே ‘சுகர், இத்தனை வருடமாக’ என்று எழுதியிருக்கும். அவர்களும் கூட வரும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் டைப் 2 சர்க்கரையை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரை, இன்சுலின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். அதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எனக்கு இருப்பது சுகர்தான். இதயத்தைப் பற்றி ஏன் இப்போதே பேச வேண்டும்?

சர்க்கரை நோய் உள்ளவர்களின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் சர்க்கரை அளவு அல்ல. இதயமும் ரத்தக்குழாய்களும்தான். சுகர் உள்ளவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, இல்லாதவரைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை அதிகம். ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் இறங்குகிறது, பிரஷரும் சேர்ந்துகொள்கிறது. குழாயில் அடைப்பே இல்லாவிட்டாலும் இதயத் தசை விறைத்துப்போகலாம். அது நன்றாகச் சுருங்கும், ஆனால் சரியாகத் தளராது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ (INDIAB) என்ற, 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். உங்கள் தெருவில் வீடு வீடாக எண்ணிப் பாருங்கள், கணக்கு புரிந்துவிடும்.

நடந்தால் உடம்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். டைப் 2இல் அந்த வாசல் கதவு இறுகிப்போய்விடுகிறது. எவ்வளவு தட்டினாலும் சரியாகத் திறக்காது. ஆனால் தசைக்குக் கொல்லைப்புறக் கதவு ஒன்று உண்டு. தசை சுருங்கி விரியும்போது, குளூட்-4 என்ற கடத்திகள் இன்சுலினை எதிர்பார்க்காமல் தாங்களாகவே செல்லின் விளிம்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்க்கரை நோய் இந்தக் கதவைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. எனக்கு இந்த நோயில் மிகவும் நம்பிக்கை தரும் விஷயம் இதுதான்.

நடந்து முடித்த பிறகும் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகப் பதில் சொல்லும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்தால் புதன்கிழமை வருவதற்குள் அதன் பலன் கரைந்துபோகும்.

ரத்தக்குழாயிலும் ஒரு வேலை நடக்கிறது. வேகமாக ஓடும் ரத்தம் உட்சுவரை உரசும்போது அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. குழாய் இளகி விரிகிறது. மாதக்கணக்கில் பழகினால் பிரஷர் சற்று இறங்கும், டிரைகிளிசரைடு குறையும், சும்மா இருக்கும்போது துடிக்கும் நாடி நிதானமாகும்.

உடற்பயிற்சி செய்தால் மாரடைப்பு வராது என்று நிரூபித்திருக்கிறார்களா?

வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஆய்வுகள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அமெரிக்காவில் லுக் அஹெட் என்று ஒரு பெரிய ஆய்வு. டைப் 2 சர்க்கரையும் அதிக எடையும் உள்ள 5,145 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீவிர உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். பத்து வருடம் நெருங்கும்போது, 2012இல், ஆய்வை நிறுத்திவிட்டார்கள். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சி எடுத்தவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சுத் திணறல், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் குறைவாக இருந்தன. ஆனாலும் எதிர்பார்த்த முக்கியப் பலன் கிடைக்கவில்லை. பின்னால் கணக்கைக் கிளறிப் பார்த்தபோது, முதல் வருடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைத்தவர்களுக்கு இதய ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது தெரிந்தது.

சீனாவின் டாச்சிங் நகரத்தில் 1986இல் தொடங்கியது இன்னொரு ஆய்வு. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 577 பேர். ஆறு வருடம் உணவுத் திருத்தமோ உடற்பயிற்சியோ இரண்டுமோ செய்தவர்களை, எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டார்கள். தொடங்கியதிலிருந்து மொத்தம் முப்பது வருடம் அவர்களைக் கவனித்தார்கள். இதய நோயும் பக்கவாதமும் 26 சதவீதம் குறைந்திருந்தன, அவற்றால் வந்த மரணம் 33 சதவீதம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் புரிந்துகொண்டது: சீக்கிரம் தொடங்க வேண்டும், பல வருடம் விடாமல் செய்ய வேண்டும், மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டும்.

நன்றாக நடக்கிறேன், சுகர் நார்மல். கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. கொழுப்புக்கான ஸ்டாட்டின் ரத்தக்குழாயில் செய்யும் வேலையை நடை செய்துவிடாது. தசை வலி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மருந்தோ வேறு அளவோ தருவார். சுகர் மாத்திரையைக் குறைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அந்த முடிவும் அவருடையதே.

எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம்?

வாரத்துக்கு 150 நிமிடம், மிதமான வேகத்தில். ஐந்து நாள், தலா அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம்.

மிதமான வேகம் என்றால் கூட வருபவரோடு பேச முடியும், பாட முடியாது. ஊர்க்கதை முழுவதையும் நிறுத்தாமல் சொல்ல முடிகிறது என்றால் உங்கள் வேகம் போதாது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். நாடியை எண்ணி வேகத்தை முடிவு செய்யாதீர்கள். நாள்பட்ட சர்க்கரை இதயத்துக்குப் போகும் நரம்புகளைப் பாதித்திருந்தால் துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) போடுபவர்களுக்கும் அப்படித்தான். கையில் கட்டியிருக்கும் வாட்சைவிட உங்கள் பேச்சு நம்பகமான அளவுகோல்.

வாக்கிங் மட்டும் போதாதா?

போதாது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே வாக்கிங் என்று ஆகிவிட்டது.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கு போய்ச் சேரும் இடம் தசை. நம்மவர்கள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். ஐம்பது வயதைத் தாண்டினால் இருக்கும் தசையும் வேகமாகக் கரைகிறது. அமெரிக்காவின் லூசியானாவில் 262 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பிரிவு நடை மட்டும், ஒரு பிரிவு எடைப் பயிற்சி மட்டும், ஒரு பிரிவு இரண்டும் கலந்து. செலவிட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்பது மாதத்தில், பயிற்சி இல்லாதவர்களோடு ஒப்பிட, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி குறிப்பிடும்படி குறைந்தது கலந்து செய்தவர்களுக்கு மட்டுமே.

ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. நான் முதலில் கற்றுக்கொடுப்பது நாற்காலிப் பயிற்சி. கைப்பிடி இல்லாத நாற்காலியில், முன்விளிம்பில் உட்காருங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். அதேபோல மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழக் கூடாது. பத்து தடவை. முதல் நாள் நாலாவது தடவையிலேயே தொடை நடுங்கும். பரவாயில்லை, நாலோடு நிறுத்துங்கள். ஒரு மாதத்தில் பத்து வந்துவிடும். அப்புறம் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், பிரஷர் சட்டென்று எகிறும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

காலையிலா, மாலையிலா?

உங்களால் தொடர்ந்து போக முடிகிற நேரம்தான் நல்ல நேரம்.

ஆனால் சர்க்கரைக்கு என்று பார்த்தால் சாப்பிட்ட பிறகு நடப்பதற்குத் தனிப் பலன் உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 சர்க்கரை உள்ள 41 பேரை, ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நடக்கச் சொல்லியும் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடக்கச் சொல்லியும் பார்த்தார்கள். பத்து நிமிட நடையில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். ஒன்பதரை மணிக்கு மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, டிவி பார்த்து, அப்படியே படுக்கும் வீடுகள் நம்முடையவை. அந்தப் பத்து நிமிடம் மொட்டை மாடியிலோ வாசலிலோ நடந்தாலே போதும்.

இதய அடைப்பு இருந்து, நடந்தால் நெஞ்சு அழுத்தும் என்பவர்கள் மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேகமாக நடக்காதீர்கள்.

யோகா செய்கிறேனே?

செய்யுங்கள். மனம் அடங்கும், உடல் வளையும், கீழே விழாமல் சமநிலை கிடைக்கும். ஆனால் நடைக்கும் தசைப் பயிற்சிக்கும் அது மாற்று இல்லை. விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம் போன்றவற்றைத் தொடவே வேண்டாம்.

நெஞ்சு வலி வந்தால்தானே பயப்பட வேண்டும்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

எங்களிடம் வந்த ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், பதினெட்டு வருடச் சர்க்கரை. “எனக்கு நெஞ்சு வலியே இல்ல தம்பி. கோலம் போட்டு நிமிர்ந்தா மூச்சு வாங்குச்சு, ஜாக்கெட் நனையுற அளவுக்கு வேர்த்துச்சு. கேஸா இருக்கும்னு ஓமத்தண்ணி குடிச்சேன்” என்றார். குடித்துவிட்டு இரண்டு நாள் வீட்டு வேலையும் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் ஈசிஜி எடுத்தபோதுதான் மாரடைப்பு வந்து போனது தெரிந்தது. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய இதயத் தசை அதற்குள் செத்துப்போயிருந்தது. இப்போது அவர் ஒரு மாடி ஏற இரண்டு இடத்தில் நிற்கிறார். ஓமத்தண்ணீர் குடித்த அந்த டம்ளரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மாறும்.

கால் விரலை மரத்துப்போக வைக்கும் அதே நரம்புப் பாதிப்பு, இதயத்தின் வலியைச் சொல்லும் நரம்புகளையும் தாக்கும். அதனால் சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு வலி இல்லாமலே வரலாம். அதற்குப் பதிலாக இவை வரலாம்: திடீர் மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடையிலோ முதுகிலோ இடது கையிலோ இறுக்கம், காரணமில்லாத பெரும் சோர்வு. நடக்கும்போது வந்தால் உடனே நின்று உட்காருங்கள். வியர்வை லோ சுகராலும் வரும் என்பதால் கையில் மீட்டர் இருந்தால் பாருங்கள். ஆனால் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சில நிமிட ஓய்வில் சரியாகவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். பைக் ஓட்டிக்கொண்டு நீங்களாகப் போகாதீர்கள்.

இன்னொரு அடையாளம் மெதுவாக வரும். போன மாதம் தடையில்லாமல் நடந்த அதே தெருவில் இந்த மாதம் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அதை வயசாகிவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். தினமும் ஒரே பாதையில் நடப்பவருக்கு இந்த மாற்றம் சீக்கிரம் தெரிந்துவிடும். தினசரி நடையால் கிடைக்கும் பெரிய லாபங்களில் இதையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

அப்படியானால் தொடங்கும் முன் எல்லோரும் டிரெட்மில் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தொந்தரவு எதுவும் இல்லாத 1,123 சர்க்கரை நோயாளிகளை வைத்து டயாட் (DIAD) என்ற ஆய்வு நடந்தது. ஸ்கேன் மூலம் இதய அடைப்பைத் தேடியவர்களுக்கும் தேடாதவர்களுக்கும் ஐந்து வருடத்தில் மாரடைப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2009இல் முடிவு வந்தது. சாதாரணமாக நடக்கத் தொடங்க டெஸ்ட் தேவையில்லை.

ஆனால் மூச்சு வாங்குவது, நெஞ்சு இறுக்கம், மயக்கம் இருந்தால், முன்பே இதய நோய், பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, நரம்புப் பாதிப்பு இருந்தால், பல வருடம் அசையாமல் இருந்துவிட்டு ஓட்டம், ஷட்டில் என்று இறங்கப் போவதாக இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கண் பரிசோதனையும் கால் பரிசோதனையும் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை கட்டாயம்.

நடக்கும்போது லோ சுகர் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த ஆபத்து மிகவும் குறைவு.

இந்த மருந்துகள் எடுப்பவர் கிளம்பும் முன் பார்த்து, 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வழியில் கை நடுங்கி, வேர்த்து, பசி பிய்த்துக்கொண்டு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை உடனே வாயில் போடுங்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். 70க்கு மேல் ஏறாவிட்டால் இன்னொரு தடவை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். சர்க்கரையைச் சின்னப் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெண்கள் பர்ஸில். பீட்டா பிளாக்கர் போடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும்தான் மிஞ்சும். நடக்கப் போகும் முன் தொடையில் இன்சுலின் போடாதீர்கள், ரத்தத்தில் வேகமாகக் கலந்துவிடும். மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்தால் நள்ளிரவிலும் இறங்கலாம்.

டைப் 1 (உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத வகை) உள்ளவர்கள் சுகர் 250க்கு மேல் இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலப் பொருள்) பாருங்கள். கீட்டோன் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம்.

பயிற்சி முடித்துப் பார்த்தால் சுகர் ஏறியிருக்கிறதே?

வேகமாக ஓடினாலோ அதிக எடை தூக்கினாலோ அட்ரினலின் சுரந்து கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

வெறுங்காலில் எட்டு நடை (8 வடிவப் பாதையில்) நடப்பது நல்லது என்கிறார்களே?

கால் உணர்ச்சி சரியாக இருப்பவர்கள் நடக்கலாம். மரத்துப்போன பாதம் உள்ளவர்கள் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது.

ஒரு பெரியவர் ஷூவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார். சாக்ஸைக் கழற்றினால் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம், அது உடைந்து ஈரமாக இருந்தது. “ஒண்ணுமே தெரியலையே” என்று அவரே குனிந்து பார்த்து அதிர்ந்தார். அந்தப் புண் ஆற ஏழு வாரம். ஏழு வாரமும் நடை இல்லை.

ஷூவைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். வெள்ளைப் பருத்தி சாக்ஸ் நல்லது, ரத்தக் கறை உடனே தெரியும். திரும்பி வந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். மரத்த காலோடு வெறுங்காலில் தார்ச்சாலையில் சுற்றிவிட்டுக் கொப்புளத்தோடு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. உணர்ச்சி இல்லாத கால் என்றால் கிரிவலப் பாதையிலாவது மெத்தென்ற செருப்போடு நடங்கள்.

காலில் புண் இருக்கும் காலத்தில் உட்கார்ந்தபடி கைப் பயிற்சி செய்யலாம்.

ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், பைபாஸ் ஆகியிருக்கிறது. இனி அசையலாமா?

உங்களுக்குத்தான் மிகவும் அவசியம். மருத்துவமனையில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேளுங்கள். பெரும்பாலும் நோயாளி கேட்டால்தான் சொல்கிறார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று அளந்து, அங்கிருந்து வாரம் வாரம் கூட்டிக்கொண்டு போவோம். பைபாஸ் ஆனவர்கள் நெஞ்செலும்பு கூடும்வரை, ஏறக்குறைய மூன்று மாதம், தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கக் கூடாது. பேரப்பிள்ளையையும்தான்.

ஆறு மாதமாக நடக்கிறேன், எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை.

எடையை வைத்து நடையை மதிப்பிடாதீர்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேர், மூன்று ஆண்டு. சாப்பாட்டைத் திருத்தி, நடையைக் கூட்டிய பிரிவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை.

இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தான் எல்லை. ஒரு மாடி ஏறிவிட்டு மூச்சு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். எடை மெஷின் காட்டாதது அதில் தெரியும்.

வீட்டு வேலையே செய்து ஓய்ந்துபோகிறேன். அதுவே பயிற்சி இல்லையா?

இதைக் கேட்பது எப்போதும் பெண்கள்தான். துணி துவைப்பதும் வீடு பெருக்குவதும் வேலைதான், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் சமையலறையில் நின்றபடி செய்யும் வேலையில் இதயத் துடிப்பு விடாமல் அரை மணி நேரம் உயர்ந்திருப்பதில்லை. களைப்பு வருகிறது, பயிற்சி ஆவதில்லை.

சர்க்கரை நோய் பெண்ணின் இதயத்துக்கு ஆணைவிட அதிகக் கேடு செய்கிறது. மாதவிடாய் நிற்பதற்கு முன் பெண்ணுக்கு இயற்கையாக இருக்கும் பாதுகாப்பைச் சர்க்கரை அழித்துவிடுகிறது. அப்படியிருந்தும் காலை ஆறு மணிக்குப் பூங்காவில் நடப்பது கணவர், அடுப்படியில் நிற்பது மனைவி.

ஆகவே இந்தப் பதிலைக் கணவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தை நீங்கள் துலக்குங்கள். அந்த இருபது நிமிடம் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வரட்டும்.